அரசியல் அபிவிருத்தியின் உரைகல்: பேராசிரியர் ஏ. ஜெயரட்ணம் வில்சன்

ஒரு நாட்டின் பொருளாதார வளர்ச்சியை அளப்பதற்குப் புள்ளிவிபரங்கள் உண்டு. அதன் அரசியல் வளர்ச்சியை எதனைக் கொண்டு அளப்பது? தேர்தல்கள் தவணை தவறாமல் நடைபெறுவதைக் கொண்டா? பாராளுமன்றமும் நீதிமன்றமும் கட்சிகளும் இயங்குவதைக் கொண்டா? அன்றி, எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு அளித்த வாக்குறுதியை எண்ணிக்கையில் கூடியவர்கள் காப்பாற்றுவதைக் கொண்டா? கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகின் பல்கலைக்கழகங்கள் இக்கேள்வியை எழுப்பியபோது அதற்குரிய சோதனைக் களங்களுள் ஒன்றாக இலங்கை அமைந்தது. அக்களத்திலேயே பிறந்து, அதனை ஆய்ந்து, ஒரு கட்டத்தில் அதன் போக்கை மாற்றவும் முயன்று, ஈற்றில் தமது முடிவுகளைத் தாமே திருத்தி எழுதியவர் பேராசிரியர் அல்பிரட் ஜெயரட்ணம் வில்சன். அவர் மறைந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்ட நிலையில், அவரது வாழ்வை மீள நோக்குவது ஒரு தனிமனிதரைப் போற்றுவதற்காக மட்டுமன்று. அவர் எழுப்பிய கேள்விகளுக்கு இந்நாடு இன்னமும் விடை காணவில்லை என்பதற்காகவுமே நாம் அவரை நினைவுகூருகிறோம்.

வில்சன் 1928 ஒக்டோபர் 4 ஆம் திகதி பிறந்தார். அவர் உயர்கல்வி பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் நிறுவப்பட்டது. அதன் முதலாவது துணைவேந்தராக விளங்கிய சேர் ஐவர் ஜெனிங்ஸ், சோல்பரி அரசியல் யாப்பின் உருவாக்கத்தில் பெரும் பங்கு வகித்தவர். யாப்பை வரைந்தவரே பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்த அக்காலத்தில், அரசியலைக் கற்பது பெரும்பாலும் யாப்பைக் கற்பதாகவே இருந்தது. சட்டங்கள், சபைகள், மரபுகள் என்பவற்றின் வடிவத்தை விளக்கிவிட்டால் அரசியலை விளக்கியதாகக் கருதப்பட்டது. வில்சன் 1950 இல் அப்பல்கலைக்கழகத்தின் பட்டதாரியானார். பின்னர் லண்டன் பொருளியல் கல்லூரியில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1950களின் தொடக்கத்திலேயே விரிவுரையாளராகப் பணியேற்ற அவர், பேராதனையில் அரசறிவியல் தனித்துறையாக வேரூன்றுவதற்கு உழைத்தவர். 1969 இல் அத்துறையின் முதலாவது பேராசிரியராகவும் அவர் ஆனார்.

அவரது வாழ்க்கையை வகுப்பறைக்கு வெளியே இழுத்துச் சென்றது குடும்ப உறவு. இலங்கைத் தமிழரசுக் கட்சியின் நிறுவுநர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் மருமகன் அவர். தமிழர் அரசியலின் முக்கிய பேச்சுவார்த்தைகள் பலவற்றின் உள்விபரங்களை அறியும் வாய்ப்பு இதனால் அவருக்குக் கிட்டியது. அதேவேளை, மாமனாரின் அரசியலை ஓர் ஆய்வாளனின் நடுநிலையோடு எழுதவேண்டிய சுமையும் அவர்மீது விழுந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறி அவரது எழுத்தில் இறுதிவரை தொடர்ந்தது.

வில்சன் மாணவராயிருந்த காலத்திலேயே இலங்கையின் முதற்பெரும் அநீதி சட்டமாயிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949 இல் தேர்தற் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தமும், மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்தன. இவ்விடயத்திலேயே செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார். இதன் கணக்கை நாம் நுணுகிப் பார்க்க வேண்டும். சோல்பரி யாப்பின்படி 75,000 பேருக்கு ஓர் ஆசனமும், 1,000 சதுர மைல் நிலப்பரப்புக்கு மேலதிகமாக ஓர் ஆசனமும் என மாகாணங்களுக்கு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. மக்கள்தொகை குறைந்த பரந்த பிரதேசங்களுக்கும் அங்கு வாழும் சிறுபான்மையினருக்கும் குரல் கிடைக்கவேண்டும் என்பதே அந்த நிலப்பரப்பு விதியின் நோக்கம். ஆனால் வாக்குரிமை இழந்த மலையகத் தமிழர்கள் ஆசனங்களைக் கணக்கிடும்போது மக்கள்தொகையில் சேர்க்கப்பட்டனர், வாக்களிக்கும்போது விலக்கப்பட்டனர். அவர்களது தலைகளால் மலைநாட்டுக்குக் கிடைத்த ஆசனங்களை மற்றவர்களின் வாக்குகள் நிரப்பின. சிறுபான்மையினரைக் காப்பதற்கென வகுக்கப்பட்ட ஏற்பாடு, யாப்பில் ஓரெழுத்தும் மாற்றப்படாமலே எதிர்ப்பக்கம் திரும்பியது. யாப்பின் வாசகத்தை மட்டும் படிப்பவனுக்கு இது புலப்படாது; அதன் செயற்பாட்டை ஆராய்பவனுக்கே புலப்படும்.

இந்த இடத்தில்தான் நவீன அரசியற் கோட்பாடு வில்சனின் தலைமுறைக்குத் துணைவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், குறிப்பாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், அரசறிவியல் தன் பார்வையை மாற்றிக்கொண்டது. டேவிட் ஈஸ்டன் 1953 இல் அரசியலை ஒரு முறைமையாகக் காணும் அணுகுமுறையை முன்வைத்தார். சமூகத்திலிருந்து கோரிக்கைகளும் ஆதரவும் உள்ளே செல்கின்றன. தீர்மானங்களும் கொள்கைகளும் வெளியே வருகின்றன. அவற்றின் விளைவுகள் மீண்டும் புதிய கோரிக்கைகளாகத் திரும்புகின்றன என்பது அதன் சாரம். கேப்ரியல் ஆமண்ட் 1960 இல் ஜேம்ஸ் கோல்மனுடன் இணைந்து வெளியிட்ட நூல், ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளின் அரசியலை அமைப்புகளின் பெயரால் அன்றி அவை ஆற்றும் செயற்பாடுகளால் ஒப்பிட முனைந்தது. லூசியன் பை அரசியல் அபிவிருத்தியைச் சமத்துவம், அரசின் ஆற்றல், அமைப்புகளின் சிறப்புத்தேர்ச்சி என்னும் மூன்று கூறுகளால் விளக்கினார். சாமுவேல் ஹண்டிங்டனோ 1968 இல் இந்நம்பிக்கைகளுக்கு எச்சரிக்கை விடுத்தார். மக்களின் அரசியற் பங்கேற்பு விரைந்து பெருகி, அதனைத் தாங்கும் நிறுவனங்கள் வளராதிருப்பின் வளர்ச்சியன்று, சிதைவே நிகழும் என்பது அவரது வாதம்.

இக்கோட்பாடுகளுள் பலவற்றுக்கு அடியில் ஓர் எடுகோள் ஒளிந்திருந்தது. கல்வியும் நகரமும் பத்திரிகையும் பெருகப் பெருக இனம், மதம், மொழி என்னும் பழைய பற்றுக்கள் தேய்ந்து, தேசம் என்னும் புதிய பற்று ஓங்கும் என்பதே அது. இலங்கை இதற்கு நேர்மாறான சாட்சியாக நின்றது. 1931 முதல் சர்வசன வாக்குரிமையும் உயர்ந்த எழுத்தறிவும் கொண்ட நாட்டில், இனப்பற்று தேயாமல் கூர்மையடைந்தது. இதிலே வியப்பதற்கு ஒன்றுமில்லை. 14 ஆம் நூற்றாண்டில் துனிசில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன், 1377 இல் எழுதிய தமது முகத்திமாவில், அரசுகளைத் தோற்றுவிப்பதும் தாங்குவதும் அஸபிய்யா எனப்படும் குழுவுணர்வே என விளக்கியிருந்தார். நவீனம் அவ்வுணர்வை அழித்துவிடும் என்று நம்பியவர்கள், அதற்குத் தேர்தலும் அச்சியந்திரமும் புதிய ஆயுதங்களாகும் என்பதை எண்ணிப்பார்க்கவில்லை.

வில்சன் எந்த ஒரு கோட்பாட்டுப் பள்ளியின் அடிமையாகவும் இருக்கவில்லை. யாப்புமுறை ஆய்வில் பயின்ற அவர், கட்சிகள், தேர்தல்கள், தலைவர்கள், பேரம்பேசல் என்பவற்றுக்கூடாக யாப்பு உண்மையில் எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தம் ஆய்வுப்பொருளாக்கினார். 1970 மே மாதப் பொதுத்தேர்தல் பற்றி அவர் எழுதிய தனிநூல் 1975 இல் வெளிவந்தது. அத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 38 சதவீத வாக்குகளைப் பெற்றும் 17 ஆசனங்களையே பெற்றது. அதனிலும் சற்றுக் குறைந்த வாக்குகளைப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 91 ஆசனங்கள் கிடைத்தன. வாக்குகளில் ஏற்படும் சிறு அசைவு ஆசனங்களில் பெருவெள்ளமாக மாறும் இம்முறையில், பெரும்பான்மையினரின் இரு பெருங்கட்சிகளும் ஒன்றையொன்று இனவாதத்தால் விஞ்ச முனைந்தமை தற்செயலன்று. 1956 இல் 40 சதவீதத்துக்கும் குறைந்த வாக்குகளுடன் 95 ஆசனங்களில் 51 ஐ வென்ற கூட்டணியே தனிச்சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியது என்பதையும் இங்கு நினைவில் கொள்ளவேண்டும்.

முஸ்லிம் வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய அம்சமும் இதிலுண்டு. 1959 ஆம் ஆண்டின் தொகுதி நிர்ணயம் மட்டக்களப்பு, மூதூர், அக்குறணை முதலிய இடங்களில் இரட்டை அங்கத்தவர் தொகுதிகளை ஏற்படுத்தியது. ஒரே மண்ணில் கலந்து வாழும் இரு சமூகங்களும் தத்தம் பிரதிநிதியைப் பெறுவதற்கான எளிய ஏற்பாடு அது. நிறுவனங்களை அறிவோடு வடிவமைத்தால் மோதலைக் குறைக்கலாம் என்பதற்கு இது ஒரு சான்று. நிறுவனங்களின் மீது வில்சன் கொண்டிருந்த நம்பிக்கை வெறுங்கனவன்று.

ஆனால் காலம் அந்நம்பிக்கையைக் கடுமையாகச் சோதித்தது. 1957 இல் பண்டாரநாயக்காவுடனும் 1965 இல் டட்லி சேனநாயக்காவுடனும் செல்வநாயகம் செய்துகொண்ட உடன்படிக்கைகள் இரண்டும் நிறைவேறவில்லை. 1972 மே 22 இல் நடைமுறைக்கு வந்த குடியரசு யாப்பு, சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு அளித்திருந்த பாதுகாப்பைக் கைவிட்டது. அதே 1972 இல் வில்சன் நாட்டைவிட்டு, கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1974 இல் வெளிவந்த இலங்கை அரசியல் பற்றிய அவரது நூல், சுதந்திரத்துக்குப் பிந்திய கால் நூற்றாண்டின் அரசியலைத் தொகுத்துக் காட்டியது. வாக்குச்சீட்டினால் ஆட்சிகள் மாறிய ஒரு நாட்டின் உறுதியும், அதனுள் வளர்ந்த விரிசலும் அந்நூலில் அருகருகே நிற்கின்றன.

1977 ஆம் ஆண்டு அவரது வாழ்வின் திருப்புமுனை. ஏப்ரலில் செல்வநாயகம் மறைந்தார். ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140 ஐக் கைப்பற்ற, 18 ஆசனங்களைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். ஓகஸ்டில் இனவன்செயல் வெடித்தது. தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட மலையகத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வன்னிக்கு வந்தனர். பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் அமைந்த தர்மபுரம் உள்ளிட்ட கிளிநொச்சிக் குடியேற்றக் கிராமங்கள், காணி தேடிக் குடாநாட்டிலிருந்து வந்தவர்களோடு உயிர் தப்பி மலைநாட்டிலிருந்து வந்தவர்களையும் ஏற்றுக்கொண்டன. அரசியல் அபிவிருத்தி பற்றிய எந்த நூலையும் அம்மக்கள் படித்திருக்கவில்லை. ஆனால் முதலில் வாக்கையும் பின்னர் வீட்டையும் இழந்த அவர்களே அக்கோட்பாட்டின் மெய்யான தேர்வுத்தாள்.

இத்தகைய சூழலில், 1978 இலிருந்து ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் இடையில் சமரசம் செய்யும் பணியை வில்சன் ஏற்றார். 1978 ஆம் ஆண்டு யாப்பைப் பற்றி 1980 இல் அவர் வெளியிட்ட நூல், அதனைப் பிரான்சின் டி கோல் உருவாக்கிய முறையோடு ஒப்பிட்டது. அந்நூலின் வாதம் கூர்மையானது. நாடு முழுவதும் ஒரே தொகுதியாகி, 50 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்குகள் தேவைப்படும்போது, ஜனாதிபதி வேட்பாளர் சிறுபான்மையினரை நாடியே ஆகவேண்டும். விகிதாசாரப் பிரதிநிதித்துவம் பெருங்கட்சிகளின் வெள்ளத்தைத் தடுத்துச் சிறுகட்சிகளுக்கு இடமளிக்கும் என்பதே அது. நல்லெண்ணத்தை நம்பாமல் தேவையை நம்பிய வாதம் என்று இதனை நாம் கூறலாம்.

அதிகாரப் பரவலாக்கலுக்கும் அவர் வழி தேடினார். 1979 ஓகஸ்டில், முன்னாள் பிரதம நீதியரசர் விக்டர் தென்னக்கோன் தலைமையில் அபிவிருத்திச் சபைகள் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கப்பட்டபோது வில்சனும் அதன் உறுப்பினரானார். பெரும்பான்மை உறுப்பினர்களின் முடிவு போதிய அதிகாரத்தை வழங்கவில்லை என்பதால், தமது மாற்றுக் கருத்தை அவர் தனியாகப் பதிவு செய்தார். 1980 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான மாவட்டச் சபைகளுக்கு, மத்தியினால் நியமிக்கப்படும் மாவட்ட அமைச்சரை மீறிச் செயற்படும் வலிமையோ தேவையான நிதியோ இருக்கவில்லை. 1981 ஜூன் 4 ஆம் திகதி தேர்தல். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. அப்போது யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாகவே இருந்த கிளிநொச்சிப் பிரதேச மக்களும் அந்தச் சாம்பலின் மணம் ஆறுமுன்னரே வாக்களித்தனர். 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக மக்கள் தீர்ப்பு நடத்தப்பட்டுப் பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டது. விகிதாசார முறையின் பயனை நாடு காணவேண்டிய நேரத்தில் அது ஒத்திவைக்கப்பட்டது. 1983 ஜூலைக்குப் பின்னர் சமரசத்துக்கு இடமிருக்கவில்லை. வில்சனின் தூதும் அத்துடன் முடிந்தது.

வேறொருவராயின் தம் முந்திய நூல்களை நியாயப்படுத்துவதில் எஞ்சிய காலத்தைக் கழித்திருப்பார். வில்சன் அவ்வாறு செய்யவில்லை. 1988 இல் வெளியான இலங்கையின் உடைவு பற்றிய நூலில், தாம் பங்குகொண்ட பேச்சுவார்த்தைகளையும் ஆய்வுக்குட்படுத்தி, ஒற்றையாட்சி அரசு ஏற்கெனவே நடைமுறையில் பிளந்துவிட்டது என்னும் முடிவுக்கு வந்தார். நிறுவனங்கள் வலுவாக இருந்தும் அவற்றை இயக்கியவர்களிடம் பகிர்ந்தாளும் மனம் இருக்கவில்லை என்பது அவர் கண்ட உண்மை. 1994 இல் செல்வநாயகத்தின் அரசியல் வரலாற்றை எழுதினார். தமிழ்த் தேசியத்தின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய இறுதிநூல் 2000 ஆம் ஆண்டில் வெளியானது. தமிழ்த் தேசியம் அடிப்படையில் தற்காப்பு நோக்கியது, பெரும்பான்மைவாதத்தின் அழுத்தத்தால் உருவேறியது என்பது அந்நூலின் மையக்கருத்து. அதே ஆண்டு மே 31 ஆம் திகதி ரொறன்ரோவில் அவர் காலமானார்.

ஓர் அரசறிஞரின் கோட்பாடு அவர் மறைந்த பின்னரும் தேர்வு எழுதிக்கொண்டே இருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் சிறுபான்மையினரின் வாக்கே துலாக்கோலின் முள் என்றார் வில்சன். 1988 இல் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம். எச். எம். அஷ்ரப், பிரேமதாசவுடன் பேரம்பேசி, விகிதாசார முறையின் வெட்டுப்புள்ளியை 12.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கச் செய்தமை அவ்வாதத்தின் வெற்றி. 2005 இல் வடக்கில் வாக்களிப்பு முடக்கப்பட்டு, யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 1 சதவீதமே வாக்களித்தபோது, 2 இலட்சத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் நாட்டின் தலைவிதி தீர்மானமாயிற்று. பயன்படுத்தப்படாத துருப்புச்சீட்டுக்கு மதிப்பில்லை என்பதை அத்தேர்தல் உணர்த்தியது. 2009 ஜனவரியில் கிளிநொச்சியிலிருந்து கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்த சனத்திரளைத் தாங்கிய தர்மபுரம், அத்தீர்மானத்தின் விலையைக் கொடுத்த ஊர்களுள் ஒன்று. 2015 இல் தமிழ், முஸ்லிம் வாக்குகள் ஆட்சியை மாற்றி வில்சனை மெய்ப்பித்தன. 2019 இல் அவ்விரு சமூகங்களும் பெருமளவில் எதிர்த்து வாக்களித்தும் ஒருவர் 52 சதவீதத்துடன் வென்றமை அவரது வாதத்தின் எல்லையைக் காட்டியது. எண்ணிக்கையின் தேவை ஒரு காவல். ஆனால் அதுவே முழுமையான காவலன்று.

வில்சனின் ஆய்வில் குறைகள் இல்லாமலில்லை. அவரது எழுத்தில் தலைவர்களும் உடன்படிக்கைகளும் பேச்சுவார்த்தை மேசைகளும் முன்னிற்கின்றன. காணியற்றவர்கள், சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள், வன்னிக்கு வந்துசேர்ந்த மலையகத்தவர்கள் ஆகியோரின் அரசியல் அங்கு பின்னணியாகவே நிற்கிறது. தமிழ் பேசும் மக்கள் என்னும் ஒரே குடையின் கீழ் முஸ்லிம்களும் அமைவர் எனத் தமிழரசுக் கட்சி நம்பியது. ஆனால் 1956 இல் அக்கட்சியின் சார்பில் கல்முனையிலும் பொத்துவிலிலும் வென்ற முஸ்லிம் உறுப்பினர்கள் ஆட்சித்தரப்புக்கு மாறியதிலிருந்தே அக்குடை போதவில்லை என்பது தெரிந்தது. 1990 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு உட்பட வடமாகாணம் முழுவதிலுமிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, பெரும்பான்மையை நோக்கி நாம் எழுப்பிய கேள்வி நம்மையே நோக்கித் திரும்பியது. எண்ணிக்கையில் குறைந்தவனை நடத்தும் முறையே அரசியல் வளர்ச்சியின் அளவு என்றால், அவ்வளவுகோல் கொழும்புக்கு ஒன்று, வன்னிக்கு வேறொன்று என இருக்கமுடியாது. இதனை ஏற்காத எந்தத் தேசியமும், பெரும்பான்மைவாதத்தின் சிறிய வடிவமாகவே முடியும்.

இன்று அரசறிவியல் உயர்தர வகுப்பில் ஒரு பாடமாக மட்டும் சுருங்கிவிட்டது. ஈஸ்டனின் முறைமை வரைபடத்தை மனனம் செய்து புள்ளிகளைப் பெற்றுக்கொள்ளும் மாணவர்கள், தம் ஊருக்கு ஏன் ஒரு வலுவான சபை இல்லை என்று அதனைக் கொண்டு கேட்கப் பழக்கப்படுவதில்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தந்த மாகாண சபை முறையில், வடமாகாணத்துக்கெனத் தனியான சபையைத் தெரிவுசெய்யும் தேர்தல் 2013 இல்தான் நடைபெற்றது. 2018 ஒக்டோபரில் அச்சபையின் காலம் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. கோரிக்கை உள்ளே சென்றது. தீர்மானம் வெளியே வரவில்லை. கோட்பாட்டை நம் வாழ்வோடு பொருத்திப் படிப்பதென்றால் இதுதான்.

யாப்பை நம்பினார், யாப்பு ஏமாற்றியபோது அதன் காரணத்தை எழுதினார். ஆட்சியாளரை நம்பினார், அவர்கள் கைவிட்டபோது அதனையும் எழுதினார். வில்சன் விட்டுச்சென்ற செல்வம் இந்த நேர்மையே. புதிய யாப்பு பற்றிய பேச்சு எழும் ஒவ்வொரு வேளையிலும் தமிழரும் முஸ்லிம்களும் அதன் அலங்கார வாசகங்களை மட்டும் பார்த்தல் போதாது. ஆசனக் கணக்கு, வெட்டுப்புள்ளி, நிதி, நியமன அதிகாரம் எனும் நான்கையும் துருவிப் பார்க்கவேண்டும். நமக்குக் கேட்கும் உரிமையை நம்மிடையே குறைந்தோருக்கும் வழங்க ஆயத்தமாக இருக்கவேண்டும். கொழும்பில் எழுதப்படும் யாப்பு எதுவாயினும், அது தர்மபுரத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்கும், வடக்குக்குத் திரும்பிவந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கும் எதனைத் தருகிறது என்று வினவுவதே வில்சனின் வாழ்விலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம்.